எச்.எம். மாறினா ரிசல்ட் மாறுமா? அரசுப் பள்ளி நிர்வாகமும் பிள்ளைங்க படிப்பும்

கோடைமழை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்னைக்கே எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. எங்க அரசு உயர்நிலைப் பள்ளியில தேர்ச்சி போன வருஷத்தைவிட நல்லாவே ஏறியிருக்கு. "புது எச்.எம். வந்ததாலதான்"னு ஒரு கட்சி பொன்னாடை, ஃபிளெக்ஸ் வரைக்கும் போயாச்சு. "பாடம் நடத்தினது டீச்சருங்க, படிச்சது புள்ளைங்க, ஆபீஸ் ரூம்ல கையெழுத்து போட்டவருக்கு எதுக்கு மாலை"ன்னு இன்னொரு கட்சி.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர் உறுப்பினர். ரெண்டு பக்கமும் என்னைத்தான் கேக்கறாங்க. தலைமையாசிரியரோட நிர்வாகத் திறமைக்கும் பிள்ளைங்க படிப்புக்கும் நெஜமாவே தொடர்பு உண்டா? உண்டுன்னா அது எந்த வழியா வருது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "எங்க காலத்துல எச்.எம். பிரம்போட வராந்தாவுல நடந்தா" கதை மட்டும் வேண்டாம், அது எல்லார்கிட்டயும் இருக்கு.

அரைப்பரீட்சை

பிரம்புக் கதைக்குத் தடைன்னா இந்த இழை ஒரு பக்கம்கூடத் தாண்டாது.

தேர்ச்சி சதவீதத்தை ஏத்தறதுக்குப் பெரிய திறமை எல்லாம் வேண்டாம். ஒன்பதாவதுலயே தேறமாட்டான்னு தெரிஞ்ச பையனோட அப்பாவைக் கூப்பிட்டு, "ஐ.டி.ஐ.ல சேத்துடுங்க, டி.சி. இன்னைக்கே தரேன்"னு சொன்னாப் போதும். பத்தாவதுல பெயில் ஆக ஆளே இருக்காது. ஊர்ல எச்.எம். பேர் ஓங்கிடும், அந்தப் பையன் எங்க போனான்னு யாரும் தேட மாட்டாங்க. மாலை போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு கேளுங்க: இந்த பேட்ச் எட்டாவதுல எத்தனை பேர், பத்தாவது எழுதினது எத்தனை பேர்?

சாக்பீஸ்தூள்

அரைப்பரீட்சை சொல்றது நடக்கிற விஷயம்தான். ஆனா அதோட முடிச்சுட்டா நல்லா வேலை செய்யற எச்.எம்.களுக்கு அநியாயம். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு பட்டதாரி ஆசிரியை. என் கண்ணால பாத்த ஒண்ணைச் சொல்றேன்.

எங்க பள்ளிக்கு சுத்துப்பட்டு கிராமத்துப் பிள்ளைங்க டவுன் பஸ்லதான் வரணும். சாயங்கால பஸ் ஸ்கூல் விடறதுக்கு முன்னாடியே கிளம்பிடும், அடுத்தது ஏழு மணிக்கு. அதனால எட்டாவது பாடவேளை தொடங்கினதும் கடைசி ரெண்டு பெஞ்ச் காலியாயிடும். பத்தாவதுக்கு வாரத்துல ரெண்டு நாள் எட்டாவது பாடவேளை கணக்கு. வரைபடமும் செய்முறை வடிவியலும் நான் அந்தப் பாடவேளையிலதான் நடத்துவேன், ஏன்னா போர்டுல வரைய அவசரம் இல்லாத நேரம் அது. கேள்வித்தாள்ல அது ரெண்டும் எட்டெட்டு மார்க், மொத்தம் 16. பாஸ் 35. கணக்குல தத்தளிக்கிற பிள்ளைக்கு அந்தப் பதினாறுதான் பிடிமானம். பஸ்ல போற பிள்ளைங்களுக்கு அது வருஷம் பூரா கிடைக்கவே இல்ல.

புதுசா வந்த எச்.எம். காலாண்டு விடைத்தாளை வாங்கி, மார்க்கைப் பாக்காம எந்தக் கேள்வியை யார் தொடவே இல்லைன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் குறிச்சார். வரைபடத்தைத் தொடாத பேரெல்லாம் ரெண்டு ஊர்க்காரங்க. மறுநாளே டைம் டேபிளை மாத்திட்டார். கணக்கு காலையில ரெண்டாவது பாடவேளை, எட்டாவதுல நூலகமும் விளையாட்டும். பி.இ.டி. சார் கொஞ்ச நாள் முறைச்சுக்கிட்டார், அது வேற கதை. அவர் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கல, பிள்ளைங்களையும் அதட்டல. ஆனா அந்த மாற்றத்தை அவரைத் தவிர யாராலயும் பண்ணியிருக்க முடியாது. டைம் டேபிள் என் கையில இல்ல.

தனியார்வாத்தி

நாங்க இருக்கிற மெட்ரிக் பள்ளியில இதெல்லாம் பிரின்சிபால் செய்ய மாட்டார், கரஸ்பாண்டென்ட்தான். வேன் டைமுக்கு ஏத்த மாதிரிதான் ஸ்கூலே. பிரின்சிபால் வேலை பெற்றோர் கம்ப்ளெயின்ட் கேக்கறது, ஃபீஸ் பாக்கிக்குப் போன் போடறது. தனியார்ல நிர்வாகம் நல்லா இருக்குன்னு நினைக்கறவங்களுக்காகச் சொல்றேன்: நாங்க எட்டாவது முடிச்சதும் "உங்க பையனுக்கு இங்க கஷ்டம்"னு சொல்லி அனுப்பற பிள்ளைங்கதான் அரசுப் பள்ளியில போய் உக்காருது. அதையும் ரிசல்ட் கணக்குல சேர்த்துக்குங்க.

எண்ணும்கண்ணும்

ஆராய்ச்சிப் பக்கம் என்ன இருக்குன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நிக்கலஸ் புளூம், ரெனாட்டா லெமோஸ், ரஃபெல்லா சாடுன், ஜான் வான் ரீனன் நாலு பேரும் 8 நாடுகள்ல 1,800-க்கு மேல உயர்நிலைப் பள்ளிகளோட தலைமையாசிரியர்கள்கிட்ட போன்ல பேசி, நிர்வாகத்துக்கு மதிப்பெண் போட்டாங்க. 2015-ல வெளியாச்சு. "நீங்க நல்ல நிர்வாகியா?"ன்னு கேக்கல. பாடம் எப்படித் திட்டமிடறீங்க, பின்தங்கின பிள்ளையை எப்பக் கண்டுபிடிக்கறீங்க, சரியா நடத்தாத ஆசிரியரை என்ன பண்றீங்கன்னு கேட்டு, பதிலுக்கு உதாரணமும் வாங்கினாங்க. நிர்வாக மதிப்பெண் கூடின பள்ளிகள்ல பிள்ளைங்க தேர்வு மார்க்கும் கூடியிருந்துச்சு. எட்டு நாட்டுல கடைசி இடம் இந்தியாவுக்கு.

இதுல ஒரு சிக்கல். நல்ல பள்ளிக்கு நல்ல எச்.எம். போய்ச் சேர்ந்தாரா, எச்.எம்.மால பள்ளி நல்லாச்சான்னு இந்த மாதிரி ஆய்வை வெச்சுப் பிரிக்க முடியாது. ஒரே பள்ளியில எச்.எம். மாறும்போது என்ன ஆகுதுன்னு பாத்தவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல அந்த வகை ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல ஒரு அறிக்கை வந்துது. திறமையில நூறு பேரை வரிசையா நிக்க வெச்சு, கீழேர்ந்து 25-ஆவது ஆள் இருந்த இடத்துக்கு 75-ஆவது ஆள் வந்தா, ஒரு வருஷத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் கிட்டத்தட்ட மூணு மாசப் படிப்பு கூடுதுங்கிறது அவங்க கணக்கு. நல்ல டீச்சர் கிடைச்சாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். ஆனா டீச்சரால ஒரு வகுப்புக்கு, எச்.எம்.மால பள்ளிக்கூடம் முழுக்க.

கோடைமழை, உங்க முதல் கேள்விக்கு இதுதான் பதில்: தொடர்பு இருக்கு, சின்னதும் இல்ல.

ஈராசிரியர்

அமெரிக்கா, எட்டு நாடு எல்லாம் சரி. எங்க கதையையும் கேளுங்க. நான் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். ஸ்கூல்ல மொத்தம் ரெண்டு பேர், அதுல ஒருத்தன் நான். அஞ்சு வகுப்பு. நாலு, அஞ்சு நான் நடத்தணும். எழுத்தர் கிடையாது. எமிஸ்ல (கல்வித் துறையோட ஆன்லைன் தகவல் தளம்) வருகை, சத்துணவுக் கணக்கு, காலை உணவுக் கணக்கு, சீருடை சைஸ், ஆதார் பதிவு, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு. நெட்வொர்க் வர்ற இடம் வேப்ப மரத்தடி ஒண்ணுதான். 11 மணிக்குள்ள ஒரு விவரம் கேட்டு மெசேஜ் வரும், அப்ப அஞ்சாம் வகுப்பு என்ன பண்ணும்? மூணாவது பிள்ளைங்களோட சேர்ந்து உக்காந்து எழுதிக்கிட்டிருக்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப எனக்குப் பிடிச்ச விஷயம், பிள்ளை எந்த வகுப்புங்கிறதைவிட எந்த நிலையில இருக்குன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சது. அதை ஒழுங்கா நடத்தினா பலன் தெரியுது. ஆனா ஒழுங்கா நடத்த நான் வகுப்புல இருக்கணுமே. எனக்கு நிர்வாகப் பயிற்சி வேண்டாம் சாமி, ஒரு கிளார்க் குடுங்க. மூணு பள்ளிக்கு ஒருத்தர்னாலும் போதும்.

அரைப்பரீட்சை

+1. இந்த இழையிலேயே உருப்படியான கோரிக்கை.

பழையபெல்

ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியன். நண்பர்கள் எல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள். யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன்.

நம் ஊரில் தலைமையாசிரியர் எப்படி வருகிறார்? பணிமூப்புப் பட்டியல். பட்டதாரி ஆசிரியராகவோ முதுகலை ஆசிரியராகவோ இருபது இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவர், ஒரு நாள் கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுத்து, திங்கட்கிழமை போய் நாற்காலியில் உட்காருவார். வெள்ளிக்கிழமை வரை இயற்பியல் நடத்தியவர் திங்கட்கிழமை முதல் சம்பளப் பட்டியல், தணிக்கைத் தடை, பணிப்பதிவேடு, கழிவறைத் தண்ணீர், கட்டட ஒப்பந்தக்காரர். இடையில் பயிற்சி என்று சில நாட்கள் உண்டு. அதில் பெரும்பகுதி விதிகளும் படிவங்களும். வகுப்பறையில் போய் உட்கார்ந்து, சக ஆசிரியரிடம் மனம் நோகாமல் எப்படிக் குறை சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அடுத்தது வயது. பதவி உயர்வு வருவதற்குள் ஐம்பத்தைந்து தாண்டிவிடும். ஓய்வு வயது 60. இதில் முதல் இரண்டு மூன்று வருடம் வெளி மாவட்டம், பிறகு சொந்த ஊருக்கு மாறுதல். ஆக ஒரு பள்ளிக்குக் கிடைப்பது இரண்டு வருடத் தலைமையாசிரியர். முதல் வருடம் யார் யார் என்று தெரிந்துகொள்வதிலேயே போகும். இரண்டாம் வருடம் மாறுதல் விண்ணப்பம். வழக்கு வந்து பதவி உயர்வுப் பட்டியல் நின்றால் அந்த இரண்டு வருடமும் இல்லை, மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியர். ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தந்த தீர்ப்புக்குப் பிறகு பதவி உயர்வுக்கே டெட் வேண்டும் என்றாகிவிட்டது. ஆசிரியர் அறையில் இப்போது அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பொறுப்பில் இருப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கே சக ஆசிரியராகத் திரும்ப வேண்டியவர், இன்றைக்கு யாரிடம் போய் "ஏன் நோட்டு திருத்தவில்லை" என்று கேட்பார்?

எண்ணும்கண்ணும்

பழையபெல் ஐயா சொன்னதுக்கு நேரா பொருந்தற ஒரு ஆய்வு இருக்கு. ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்காவுல ஹூஸ்டன் நகர அரசுப் பள்ளிகள்ல குலுக்கல் முறையில பாதி தலைமையாசிரியர்களுக்கு ரெண்டு வருஷத்துல 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பாடத்திட்டம் போடறது, தேர்வு மார்க்கை வெச்சு அடுத்து என்ன நடத்தணும்னு முடிவு பண்றது, வகுப்பைக் கவனிச்சு ஆசிரியருக்கு வழிகாட்டறது, இந்த மூணும்தான். முதல் வருஷம் பிள்ளைங்க மார்க் எல்லாப் பாடத்துலயும் ஏறுச்சு. ரெண்டாவது வருஷம் சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. காரணம்னு அவர் சொல்றது: பயிற்சி எடுத்த ஆளுங்க நடுவுலயே மாறிப் போயிட்டாங்க. ரெண்டு வருஷமும் அங்கேயே இருப்பாங்கன்னு எதிர்பார்க்கக்கூடிய தலைமையாசிரியர்களோட பள்ளிகள்ல ரெண்டு வருஷமும் நல்ல பலன்.

பயிற்சியா, பதவிக் காலமான்னு கேட்டா ரெண்டும் சேர்ந்தாத்தான்.

வடமராட்சியான்

எங்கட பக்க நிலைமையையும் சொல்லுறன். இலங்கையில தலைமையாசிரியரை அதிபர் எண்டுதான் சொல்லுவம்; அதிபர் சேவை எண்டு தனிச் சேவையே இருக்கு. போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகம் போய்த்தான் வரவேணும். அதனால இளம் வயதிலயே அதிபரா வாற ஆக்களும் இருக்கினம். வாசிச்சா உங்கட பணிமூப்பு முறையைவிட நல்லம் போலத்தான் தெரியும்.

நடைமுறையில என்னெண்டால், நியமனங்கள் இழுபட, இழுபட, "கடமை நிறைவேற்று அதிபர்" எண்டு ஒருத்தரை இருத்தி வருசக் கணக்கா ஓடும். உங்கட பொறுப்புத் தலைமையாசிரியர் மாதிரித்தான். பரீட்சை பாஸ் பண்ணி வாறவருக்கு 1ஏபி தரப் பெரிய பள்ளிக்கூடம்தான் வேணும். வன்னிப் பக்கம் தீவுப் பக்கம் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போறவர் போன நாளில இருந்து வலயக் கல்விக் கந்தோருக்கு நடந்துகொண்டிருப்பார், இடமாற்றம் கேட்டு. தேர்வு முறையை மட்டும் மாத்திச் சரிப்பண்ணலாம் எண்டு நினையாதேங்கோ.

தனியார்வாத்தி

அப்ப டைரக்ட் ரெக்ரூட்மெண்ட்டும் மருந்தில்லைங்கறீங்க. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டம் சமக்ர சிக்ஷாவோட நிதி 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வெச்ச கதையையும் யாராவது பேசுங்க. காசே வரலைன்னா எச்.எம். எதை நிர்வாகம் பண்ணுவார்?

நெறியாளர்

நிதி விவகாரத்துக்குத் தனி இழை ஏற்கெனவே 14 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள். இங்கே அந்தக் கிளை வளர்ந்தால் வெட்டிவிடுவேன்.

சாக்பீஸ்தூள்

பழையபெல் ஐயா, வகுப்பைக் கவனிக்கிறது பத்திச் சொன்னீங்க. இப்ப செயலியிலயே வகுப்பறை உற்றுநோக்கல் இருக்கு. எச்.எம். பின்னாடி பெஞ்சுல உக்காந்து போன்ல டிக் போடுவார். ஆசிரியர் கற்றல் விளைவைச் சொன்னாரா, ஆம். கற்பித்தல் உபகரணம் பயன்படுத்தினாரா, ஆம். சமர்ப்பி. எழுந்து போயிடுவார். நான் நடத்தினது புரிஞ்சுதா இல்லையான்னு அவருக்கும் தெரியாது, அவர் என்ன நினைச்சார்னு எனக்கும் தெரியாது.

டைம் டேபிள் மாத்தின எங்க எச்.எம். செயலியில டிக் போட்டதுக்கு அப்புறம் ஒரு வேலை செய்வார். வகுப்புல ரெண்டு பிள்ளை நோட்டை வாங்கிட்டுப் போவார். மத்தியானம் கூப்பிட்டு, "டீச்சர், இந்தப் பிள்ளை ஒவ்வொரு காரணிப்படுத்தல் கணக்குலயும் மைனஸ் குறியை விட்டுட்டே வருது, நீங்க டிக் போட்டிருக்கீங்க"ன்னு காட்டுவார். அவர் தமிழாசிரியர், கணக்கு தெரியாது. மேல இருக்கிற போர்டு கணக்கையும் நோட்டையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கார், அவ்வளவுதான். எனக்குச் சுருக்குனு இருந்துச்சு, கோவமும் வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் நோட்டுல சும்மா டிக் போடறதில்ல.

எண்ணும்கண்ணும்

நீங்க சொன்ன அந்த "டிக், சமர்ப்பி"யை மத்தியப் பிரதேசத்துல பெரிய அளவுல ஆய்வே பண்ணியிருக்காங்க. கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும். பள்ளிகளை விவரமா மதிப்பீடு செஞ்சு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுத வெச்சு, மேற்பார்வை அதிகாரிகள் தொடர்ந்து போய்ப் பாக்கணும்னு ஒரு திட்டம். காகிதத்துல அருமை, உலகத்துல நல்ல நிர்வாக முறைன்னு சொல்றதெல்லாம் அதுல இருந்துச்சு. மதிப்பீடும் நடந்துது, திட்டமும் எழுதினாங்க. ஆனா ஆசிரியர் வருகையும் மாறல, பாடம் நடத்தற விதமும் மாறல, பிள்ளைங்க மார்க்கும் மாறல. களத்துல போய்க் கேட்டப்ப, எல்லாரும் இதை ஒரு அறிக்கை சமர்ப்பிக்கிற வேலையா எடுத்துக்கிட்டது தெரிஞ்சுது. வேடிக்கை என்னன்னா, பலன் இல்லைன்னு தெரிஞ்ச பின்னாடியும் திட்டம் நிக்கல, இன்னும் விரிவாச்சு. அறிக்கையைப் பொறுத்தவரை அது வெற்றிதானே.

அதனால எச்.எம்.களுக்கு நிர்வாகப் பயிற்சின்னு அடுத்த தடவை அறிவிப்பு வந்தா, அதுல பிள்ளையோட நோட்டு எங்க வருதுன்னு பாருங்க.

அரைப்பரீட்சை

கோடைமழை, அந்தக் கணக்கு என்ன ஆச்சு? எட்டாவது எத்தனை, பத்தாவது எத்தனை?

கோடைமழை

கேட்டேன். எட்டாவதுல 52 பேர். பத்தாவது எழுதினது 50. ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போயிடுச்சு, பிள்ளை அங்க படிக்குது. இன்னொருத்தன் நெஜமாவே நின்னுட்டான், செங்கல் சூளை. ஆக நீங்க சந்தேகப்பட்ட மாதிரி ஆளைக் குறைச்சு வந்த ரிசல்ட் இல்ல.

ஆனா வேற ஒண்ணு கிளம்புச்சு. போன வருஷம் அறிவியல் டீச்சர் பணியிடம் காலி. டிசம்பர் வரைக்கும் ஆளே இல்ல. சமூக அறிவியல் சார் போய் உக்காந்து வருகை எடுத்திருக்கார். இந்த வருஷமும் ஜூன்ல அதே பணியிடம் காலிதான், ஆனா ஜூலை முடியறதுக்குள்ள தற்காலிக ஆசிரியர் வந்துட்டாங்க. அப்ப ரிசல்ட் ஏறினது எச்.எம்.மால இல்ல, அறிவியல் டீச்சர் வந்ததாலதானே? குரூப்ல ரெண்டாவது கட்சிக்காரங்க துள்ளிக் குதிக்கிறாங்க.

சாக்பீஸ்தூள்

அந்த டீச்சரைக் கொண்டு வந்தது யாருங்க?

மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியர் போடலாம்ங்கிற ஏற்பாடு 2022-லயே வந்தாச்சு. பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 15,000. போன வருஷமும் அதே ஏற்பாடு இருந்துச்சு. காலிப் பணியிடத்தை எழுதி அனுப்பணும், குழுவைக் கூட்டணும், தீர்மானம் போடணும், விண்ணப்பம் வாங்கணும், தகுதியானவங்க 15,000-க்கு வருவாங்களான்னு நாலு ஊர்ல சொல்லி வைக்கணும். இதைப் போன வருஷம் பொறுப்புல இருந்தவர் டிசம்பர்ல பண்ணினார், இவர் ஜூன்ல பண்ணினார். நீங்களே குழுவுல இருக்கீங்க, ஜூன்ல அந்தக் கூட்டத்துக்குக் கையெழுத்து போட்டது ஞாபகம் இல்லையா?

நடுவுல போன அஞ்சு மாசத்துலதான் இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாடம் முடிஞ்சிருக்கும்.

கோடைமழை

போட்டேன். அன்னைக்கு அதைச் சாதாரணக் கூட்டம்னு நெனச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டேன். இதைக் குரூப்ல போடறேன்.

இப்ப உண்மையான கவலை. இவர் அடுத்த மே மாசம் ஓய்வு. ஐயா சொன்ன மாதிரியே ரெண்டு வருஷக் கணக்கு. அதுக்கப்புறம் யார் வருவாங்கன்னு தெரியாது. குழு சார்பா நாங்க என்ன பண்ண முடியும்?

பழையபெல்

யாரை அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, அதற்காக மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். இவர் இருக்கும்போதே மூன்று காரியம் செய்து வையுங்கள்.

மாதக் கூட்டக் குறிப்பில் காலிப் பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, என்ன நடவடிக்கை என்று ஒவ்வொரு முறையும் எழுத வையுங்கள். புதிதாக வருபவரோ பொறுப்பில் இருப்பவரோ முதல் கூட்டத்திலேயே அதைப் பார்க்க நேரும். அடுத்தது, ஆறாம் வகுப்பில் தமிழ் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பைப் பற்றி ஊரே கேட்கும், ஆறாம் வகுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நல்ல ஆசிரியரையெல்லாம் பத்தாவதுக்குப் போட்டுவிட்டு ஆறாவதைத் தற்காலிகத்திடம் விடும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு, நானும் செய்யச் சொல்லி நெருக்கப்பட்டவன்தான். மூன்றாவது, ஒரு நாளைக்கு இரண்டு பாடவேளையாவது தலைமையாசிரியர் அலுவலகத்தில் இல்லாமல் வகுப்பில் இருக்கும்படி, அந்த நேரத்தில் வரும் பெற்றோர், ஒப்பந்தக்காரர், கவுன்சிலர் எல்லோரையும் உட்கார வைக்க ஒரு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அந்த ஆள் கடைசி வரை கிடைக்கவில்லை.

ஈராசிரியர்

ஐயா, அந்த ஆளுக்கு எமிஸும் தெரிஞ்சா எங்க ஸ்கூலுக்கும் அனுப்பி வைங்க.

கோடைமழை

வர்ற வெள்ளிக்கிழமை கூட்டம். ஆறாவது வாசிப்புக் கணக்கை நிகழ்ச்சி நிரல்ல சேக்கச் சொல்லி இப்பத்தான் எச்.எம்.முக்கு போன் பண்ணினேன். "ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்கேன் சார், யாராவது கேப்பாங்களான்னுதான் இருந்தேன்"னார். எண்ணிக்கையை மட்டும் போன்ல சொல்ல மாட்டேன்னுட்டார்.